வேகாத இடுப்பெலும்பு

எசென் கிழவர் செத்த மறுநாள் மத்தியானம் கெரிம்பாயின் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். முதுகு ஒடிந்த கெரிம்பாய், பெரிய அறையில் கதவோரம், மூன்று மெத்தைகளை அடுக்கி அதில் சாய்ந்து. அவன் மனைவி குமுஷ், சமையலறையில். அவன் தங்கை ரக்கியா, அவளும் சமையலறையில், வாய் மூடாமல். பெரிய அறையில் விருந்தாளிகள் மூன்று பேர்: மலைக்கு அப்பால் நரினிலிருந்து வந்த, செத்தவரின் சம்பந்தி அசானகுன், அவர் மனைவி பெய்ஷேகான், அவர்களுடைய மூத்த மாப்பிள்ளை மெடெர். மெடெருக்கு நரினில் போலீஸ் உத்தியோகம். வழக்கு விசாரிக்கிற வேலை. இவர்கள் தலைக்கு நேர் மேலே, மச்சில், எண்பத்து நான்கு கொத்து கஞ்சா தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

விருந்தாளிகளைக் குமுஷ் கூப்பிடவில்லை. சாவு பக்கத்து வீட்டில். அசானகுனின் இளைய மகள் எசென் கிழவருக்கு மருமகள். வெளியூரிலிருந்து வருகிற சம்பந்திகளைச் செத்த வீட்டுக்காரர்கள் வைத்துப் பார்க்க முடியாது. அக்கம்பக்கத்து வீடுகள் பங்கு போட்டு எடுத்துக்கொள்ளும். ஆடு அடிப்பது, அவித்துப் போடுவது, படுக்க இடம் விரிப்பது எல்லாம் அந்தந்த வீட்டின் பொறுப்பு. பங்கு பிரிக்கிற மாமிர் விடிந்ததும் வேலியோரம் வந்து நின்றார். "நரின்காரங்க உங்க வீட்டுக்கு" என்றார். பதிலுக்கு நிற்காமல் அடுத்த வேலிக்குப் போய்விட்டார். முடியாது என்று சொன்ன வீடு அந்தத் தெருவில் இதுவரை கிடையாது.

மழை மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்தது. ஏரிக்குக் கிழக்கே இருக்கிற ஊர்களுக்கு இதுதான் தலையெழுத்து. மேற்குக் கரையில் மணல் பறக்கும். இங்கே உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகும்.

குமுஷ் அந்தக் கஞ்சாச் செடிகளை வேலிக்கும் சோளத்துக்கும் நடுவில் வளர்த்தாள். பாதி தானாக முளைத்தது. இந்தப் பக்கம் வாய்க்கால் ஓரமெல்லாம் அது தானாக முளைக்கும், மாடுகூடச் சீந்தாது. நான்கு வருஷத்துக்கு முன், பனி உறைந்த வாய்க்கால் கரையில் டிராக்டர் சறுக்கிக் கவிழ்ந்து, கெரிம்பாயை அடியில் வைத்து அரைத்துப் போட்டது. பக்கத்து டவுன் தியூப் ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். ஊசிமருந்து ஒரு மாதத்துக்குக் கொடுத்தார்கள், அதன்பிறகு இல்லை என்றார்கள். வலி மட்டும் இருந்தது. செடியை வெண்ணெயில் காய்ச்சி, சூடான பாலில் ஒரு கரண்டி விட்டுக் குடித்தால் நான்கு மணி நேரம் தூங்குவான். அவ்வளவுதான் அந்தச் செடியின் மகிமை. நான்கு மணி நேரம்.

போன வருஷம் அவசரத்தில் கொத்துகளை நெருக்கிக் கட்டிவிட்டாள். வெளியே பார்க்கக் காய்ந்திருந்தது. உள்ளே பிரித்தால் நரைத்த ஒட்டடை மாதிரி பூஞ்சணம். வீணாக்க மனமில்லாமல் அதையும் காய்ச்சிக் கொடுத்தாள். பத்து நாள் இருமினான். இருமும்போது ஒடிந்த முதுகு என்ன செய்யும் என்பதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மிச்சத்தை எருக்குழியில் கொட்டினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் தூங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவளை வைதுகொண்டு கிடந்தான். கடைவாய்ப் பல் இரண்டு உடைந்தது.

இன்னொன்றும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் மாட்டுக்கொட்டிலில் ஒரு மூட்டை பிடிபட்டது. கெரிம்பாய் என்னுடையது என்றான். மூன்று வருஷத் தண்டனை, நிறுத்தி வைத்தது. வருகிற மே மாதம் முடியும். அதற்குள் இன்னொரு தடவை என்றால் நேரே உள்ளே. அந்த முதுகோடு உள்ளே போகிறவன் வெளியே வரமாட்டான். இது நீதிபதிக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

அதனால் இந்த வருஷம் மச்சு. வீட்டுக்குப் பக்கவாட்டில், வெளியே இருந்து ஏணி வைத்து ஏற வேண்டும். முக்கோணச் சுவரில் ஒரு சின்னக் கதவு. பதினெட்டு நாளாக அவள் அதற்கு வேலைக்காரி. கொத்துக்குக் கொத்து ஒரு சாண் இடைவெளி. வெயில் ஏறியதும் கதவை இரண்டு விரல் திறப்பாள். பனி இறங்குமுன் சாத்துவாள். கீழே அடுப்பில் எருவாட்டியைப் போட்டுச் சிறு கனலாகவே வைத்திருப்பாள். அடுப்புக் குழாய் கூரைக்குப் போகிற இடத்தில், குழாயைச் சுற்றியிருந்த தகரத்தைத் தானே பிடுங்கிவிட்டாள், சூடு மேலே போகட்டும் என்று. தினமும் தண்டை வளைத்துப் பார்ப்பாள். வளைந்தால் ஈரம். மளுக்கென்று ஒடிந்தால் ஆயிற்று. நேற்று சிறு தண்டுகள் ஒடிந்தன, பெரிய தண்டுகள் வளைந்தன. இன்னும் நான்கு நாள் வேண்டும்.

இப்போது அந்த அடுப்பின் மேல் ஒரு முழு ஆடு கொதித்தது.

"அண்ணி, மேல பாரு," என்றாள் ரக்கியா.

குமுஷ் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். கொப்பரையின் ஆவி நேராக ஏறி, அவள் பிடுங்கிய தகரத்தின் ஓட்டைக்குள் கயிறு போல் போய்க்கொண்டிருந்தது.

"பாத்துட்டேன். மூடியப் போடு."

"மூடியப் போட்டா பொங்கும்."

"பொங்குனா எறக்கு."

"கறிய வேகவைக்கிறதா, தாலாட்டுறதா? ஒண்ணு சொல்லு. கொப்பரைய முத்தத்துல வச்சிருக்கலாம்."

"மழையில நீ குடை பிடிக்கிறியா?"

"கொட்டகை?"

"கொட்டகையில செத்த வீட்டுக்கு டீ காய்ச்சுற சமோவார் மூணு நிக்குது. அவங்க குதிரைக்கறி வேகுது. எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லி வாங்கிட்டு வா போ."

ரக்கியா மூடியைப் போட்டாள். போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "வாசனை எறங்குது அண்ணி. ஈரம் பட்டதும் கும்முனு வருது. உள்ள ஒரு போலீஸ்காரன் ஒக்காந்து டீ குடிக்கிறான்."

"வெங்காயம் உரி."

"எத்தனை வெங்காயம் உரிச்சாலும்…"

"உரி."

பெரிய அறையில் அசானகுனின் சிரிப்புக் கேட்டது. பெரிய ஆள்; பேச்சும் பெரிது. சாவுக்கு வந்தவர் என்பதால் பக்கத்து முற்றத்தில் பிணம் கிடத்தியிருந்த கம்பளிக் கூடாரத்துக்கு முன்னால் வழக்கப்படி கைத்தடி ஊன்றி நின்று ஒரு பாட்டம் ஓங்கி அழுது முடித்திருந்தார். அழுகை முடிந்தால் பசி. அது அவர் தப்பில்லை. நரினிலிருந்து மலை தாண்டி எட்டு மணி நேரம் வந்திருக்கிறார்.

"சம்பந்தி," என்று கெரிம்பாயிடம் சொன்னார், "எங்க ஊரு மேட்டுல மழைன்னா ஒரு தும்மல். உங்க ஊருல மழைன்னா மாமியா வந்த மாதிரி. போகவே மாட்டேங்குது."

"போனாலும் பொருமிட்டுத்தான் போகும்," என்றான் கெரிம்பாய். விருந்தாளி முன்னால் அவன் முகத்தில் வலி தெரியாது. கழுத்து நரம்பில் மட்டும் தெரியும்.

"மாமியாளச் சொல்றீங்க, மாமியாக்காரி பக்கத்துல ஒக்காந்திருக்கா," என்றாள் பெய்ஷேகான். "மாப்ள கேட்டுக்கிட்டு இருக்காரு."

மெடெர் சிரிக்கவில்லை. கோப்பையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மேல் பலகைகளை ஒரு தடவை பார்த்தான். பிறகு பார்க்கவில்லை.

குமுஷ் பால் ஊற்ற வந்தபோது அந்த ஒரு பார்வையைப் பிடித்துவிட்டாள். பால் கோப்பைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது. துடைத்தாள். "வெங்காயம் எடுத்துட்டு வந்துடறேன்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஏணி வழுக்கியது. மச்சுக் கதவைத் திறந்து உள்ளே குனிந்ததும் முகத்தில் வெந்நீர்த் துணி போட்டது போல் இருந்தது. தகரக் கூரையின் அடிப்பக்கம் முழுக்கத் துளிகள். ஆட்டுக்கறி வாசமும் செடி வாசமும் கலந்து மூச்சை அடைத்தது. குழாய்க்குப் பக்கத்துக் கொத்தை உள்ளங்கையில் அமுக்கினாள். நேற்றுச் சருகாக இருந்தது இன்று பஞ்சாக அமுங்கியது. இப்படியே இரண்டு ராத்திரி கிடந்தால் போதும். ஒட்டடை வந்துவிடும்.

கதவை அகலத் திறந்து வைத்தால் காற்று உள்ளே போகும், ஈரம் வெளியேறும். திறந்தாள். திறந்த மறுநிமிஷம் ஏரிக்காற்று உள்ளே சுழன்று, வாசனையை அள்ளிக்கொண்டு பக்கத்து முற்றத்தில் இறங்கியது. அங்கே கைத்தடி ஊன்றி நின்ற ஆண்கள் வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. அவர்களில் ஒருவன் ஊர்க் காவலர், இந்த ஊருக்கான போலீஸ். இடுப்பில் துண்டு கட்டி, அழுது சிவந்த கண்ணோடு நின்றான்; எசென் கிழவர் அவனுக்குத் தாய்மாமன்.

குமுஷ் கதவைச் சாத்தினாள். திறந்தால் ஊர் மோந்து பார்க்கும். மூடினால் செடி நாறிப்போகும். நடுவில் ஒரு வழிதான் இருந்தது. கீழே ஆவி இல்லாமல் பார்த்துக்கொள்வது.

மச்சு மூலையில் கிடந்த இரண்டு வெங்காயத்தை மடியில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

சமையலறையில் கை கழுவத் தண்ணீர் கேட்டு மெடெர் நின்றுகொண்டிருந்தான். ரக்கியா சுவரோடு ஒட்டிப் போயிருந்தாள். குமுஷ் செம்பை எடுத்து அவன் கையில் ஊற்றினாள். அவன் நிதானமாக விரல் விரலாகக் கழுவினான்.

"மேல என்னக்கா காயுது?"

"வெங்காயம்."

"ம்."

"பூண்டும் கொஞ்சம்."

அவன் துண்டை வாங்கித் துடைத்தான். "மலைப்பாதையில ஜன்னல் ஓரம் ஒக்காந்து வந்தேன்கா. எனக்கு சளி புடிச்சிருச்சு. மூக்கு சுத்தமா அடைப்பு. நாளைக்கு மண்ணு போட்டுட்டு நாங்க வண்டி ஏறுற வரைக்கும் அடைச்சே இருக்கும்னு நெனைக்கிறேன்."

குமுஷ் செம்பைப் பிடித்தபடியே நின்றாள்.

"சளிக்கு சூடா ஏதாவது தரவா?"

"வேணாங்கா. உங்க வீட்டு ரொட்டியத் தின்னுருக்கேன். அது போதும்." துண்டை ஆணியில் மாட்டினான். "அண்ணனுக்கு முதுகு ரொம்ப மோசமோ?"

"ரொம்ப."

தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

ரக்கியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அல்லாவே. நல்ல புள்ள அண்ணி. இவனுக்கு ஆட்டுத்தலையே குடுக்கலாம்."

"மாமனாரு இருக்கப்ப மருமகனுக்குத் தலையா? உனக்கு புத்தி கெட்டுருச்சு," என்றாள் குமுஷ். ஆனால் அவள் கை கால் எல்லாம் லேசாகியிருந்தது. அந்த லேசில்தான் அவள் தப்பு செய்தாள். போலீஸ் பயம் நாளை வரைக்கும் இல்லை என்று ஆனதும், மனசு முழுக்கச் செடிமேல் போனது. காப்பாற்றிவிடலாம் என்று தோன்றிவிட்டது. இடுக்கியை எடுத்து அடுப்பிலிருந்த நிலக்கரியில் பாதியை வாளியில் இழுத்துப் போட்டாள். கொதி அடங்கியது. மூடி மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, அதன்மேல் கல்லை வைத்தாள். ஆவி நின்றது.

"அண்ணி, வேகாது."

"மூடி கனமா இருக்கு. வெந்துரும்."

"கிடா அண்ணி இது. நாலு வயசுக் கிடா. எங்கண்ணன் மாதிரி, லேசுல எளகாது."

"வெந்துரும்ங்கறேன்ல."

மூன்று மணிக்கு வெந்திருக்க வேண்டும். மூன்றரைக்குப் பெய்ஷேகான் கொட்டாவி விட்டாள். நாலு மணிக்கு அசானகுன் பேச்சை நிறுத்தினார். விருந்தாளி பேச்சை நிறுத்தினால் கறி வர வேண்டும். குமுஷ் கத்தியால் ஒரு தொடையைக் குத்திப் பார்த்தாள். மேலே வெந்திருந்தது. அதற்குமேல் குத்திப் பார்க்க அவளுக்கு மனமில்லை.

தாம்பாளத்தைக் கெரிம்பாய் முன்னால் வைத்தார்கள். எழுந்து நிற்க முடியாவிட்டாலும் எலும்பு பிரிப்பது வீட்டுக்காரன் கைதான். அவன் வரிசை தவறாதவன். தலை அசானகுனுக்கு. இடுப்பெலும்பும் அவருக்கே, வயதில் மூத்தவர். வால்கொழுப்போடு முதுகுத்துண்டு பெய்ஷேகானுக்கு. முன்தொடை மெடெருக்கு. ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது, "குறை இருந்தா பொறுத்துக்கங்க, சாவு நேரம்" என்றான். அது வழக்கமாகச் சொல்லும் சொல்.

அசானகுன் கத்தியை எடுத்து இடுப்பெலும்பின் கறியைக் கீறினார். கத்தி பாதியில் நின்றது. அழுத்தினார். கறி பிளந்தது. எலும்பை ஒட்டிச் சிவப்பாக ஒரு கோடு. கோட்டிலிருந்து இரத்தம் மெல்ல வந்து தட்டில் தேங்கியது.

கூடாரத்திலிருந்து பெண்கள் ஒப்பாரி வைப்பது மட்டும் மழையோடு வந்தது.

பெய்ஷேகான் தன் துண்டை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "செத்தவரு இன்னும் மண்ணுக்குள்ள போகல. பாவம், இந்த ஆடு இன்னும் சாகவே இல்ல."

"சும்மா இரு," என்றார் அசானகுன். குரலில் சிரிப்பு இல்லை. கத்தியைத் துடைத்து உறையில் போட்டார்.

"விறகு ஈரம் சம்பந்தி," குமுஷ் வாசலில் நின்று சொன்னாள். "கரி புடிக்கல. இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்தீங்கன்னா…"

"என் பொண்ணு இந்தத் தெருவுல பதினோரு வருஷமா வாழுறா," என்றாள் பெய்ஷேகான். "வேலிக்கு அந்தப் பக்கம். அவளப் பெத்தவங்களுக்குப் பச்சக் கறி. சரி. இந்தத் தெருவுல அவளுக்கு என்ன மரியாதைன்னு தெரிஞ்சு போச்சு. எழுந்திரிங்க."

"அவ இதுல எங்க வந்தா அக்கா? அவ எனக்குத் தங்கச்சி மாதிரி…"

"தங்கச்சி வீட்டுக்காரங்களுக்குத்தான் இப்படிப் போடுவீங்களா உங்க ஊருல?"

அசானகுன் கையை ஊன்றி எழுந்தார். இனி என்ன நடக்கும் என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவர் வெறும் வயிற்றோடு வேலியைத் தாண்டிக் கூடாரத்துக்கு முன் போய் நிற்பார். ஏன் அதற்குள் வந்தீர்கள் என்று மாமிர் கேட்பார். கெரிம்பாய் வீட்டில் பச்சைக் கறி போட்டார்கள் என்பது சாயங்காலத்துக்குள் தியூப் வரைக்கும் போகும். இருபது வருஷம் கழித்தும் அந்த வீட்டுக்கு அதுதான் பேர். மாஸ்கோவுக்கு வேலைக்குப் போயிருக்கிற மகன் நாளை பெண் கேட்டு வந்தால் அந்தப் பேரோடுதான் கேட்க வேண்டும். இருந்தாலும் அது ஒரு பேர்தான். பேரோடு வாழ்ந்துகொள்ளலாம். குமுஷ் அதை விழுங்கத் தயாராகிவிட்டாள். போகட்டும். போனால் அடுப்பை அணைத்துவிடலாம், மேலே ஏறிக் கதவைத் திறக்கலாம்.

"ஒக்காருங்க சம்பந்தி," என்றான் கெரிம்பாய்.

"தம்பி, உன்மேல கோவமில்ல. நீ படுக்கையில கெடக்குற மனுசன்."

"படுக்கையில கெடக்குறவன் பேச்சும் பேச்சுதான். ஒக்காருங்க. என் பொண்டாட்டிக்குக் கறி வேகவைக்கத் தெரியாதுன்னு நீங்க ஊருல போய்ச் சொல்லக்கூடாது."

"ஏங்க, விடுங்க," என்றாள் குமுஷ். அவன் எங்கே போகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "போகட்டும். தப்பு என்னுது. விடுங்க."

"தப்பு உன்னுது இல்ல."

"விடுய்யா. வாய மூடுய்யா!"

விருந்தாளி முன்னால் அவள் புருஷனை அப்படிப் பேசியது அன்றுதான். ரக்கியாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். கெரிம்பாய் அவளைப் பார்க்கவில்லை. அசானகுனைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"மேல மச்சுல என் மருந்து காயுது. கஞ்சா. அது இல்லாம எனக்குத் தூக்கம் கெடையாது. ஆவி பட்டா பூத்துப்போகும். அதான் அவ தீய எறக்கிட்டா. உங்கள அவமதிக்கல சம்பந்தி. உங்க பொண்ணயும் அவமதிக்கல. இந்த வீட்டுல பச்சக் கறி போடுற பழக்கம் கெடையாது."

அசானகுன் மெதுவாக உட்கார்ந்தார். அவருக்கு அவமானம் தீர்ந்துவிட்டது. முகமே மாறிவிட்டது. "அட, அதச் சொல்லக்கூடாதா மொதல்லயே," என்றார். சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் யார் இருக்கிறான் என்று அவருக்கு நினைவு வந்தது.

மெடெர் கண்ணை மூடியிருந்தான். கையில் முன்தொடை எலும்பு. அதைத் தட்டில் வைத்தான்.

"அண்ணே, மூக்க அடைச்சுக்கலாம். காத எப்படிண்ணே அடைக்கிறது?"

"மாப்ள," என்றார் அசானகுன்.

"மாமா, நாலு பேரு முன்னாடி சொல்லிட்டாரு. நாளைக்கு இது ஒரு வாய் நாலு வாயாப் போகும். 'விசாரணை அதிகாரி ஒக்காந்து கேட்டுட்டு, தின்னுட்டுப் போனான்'னு வரும். எனக்கு ரெண்டு புள்ள இருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னான். "இது என் எல்லை இல்ல. உங்க ஊர் ஆளக் கூப்பிடுறேன். அவருதான் எழுதணும்."

"எழுதட்டும்," என்றான் கெரிம்பாய். "என்னுது."

"என்னுது," என்றாள் குமுஷ். உள்ளே வந்து தாம்பாளத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். இப்போது அவள் மனசு தெளிவாக இருந்தது. முதல் தடவை என்றால் பெண்பிள்ளைக்கு நிறுத்தி வைப்பார்கள், அவனுக்கு அப்படி இல்லை. "நட்டது நான். அறுத்தது நான். கட்டித் தொங்கவிட்டது நான். எழுதிக்கங்க."

"அவ பொய் சொல்றா. போன வழக்கும் என் பேர்லதான் இருக்கு."

"போன வழக்கு மாட்டுக்கொட்டில். நடந்து போற எடம்," என்றாள் குமுஷ். "இது மச்சு. ஏணியில ஒன்பது படி. இந்த மனுசன் கக்கூசுக்குப் போக ரெண்டு ஆளு வேணும். நாலு வருசமா மச்ச அண்ணாந்துகூடப் பாத்ததில்ல. கேளுங்க, தெருவே சொல்லும்."

மெடெர் அவளைப் பார்த்தான். பிறகு கெரிம்பாயைப் பார்த்தான். அவன் குரலில் ஒரு நிம்மதி வந்தது. "அக்கா சொல்றது சரி. ஏற முடியாத ஆளு எப்படி மேல காயப்போட முடியும்? எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது. அக்கா பேர்ல போனாத்தான் லேசா முடியும்ணே. நான் உங்க ஊர் ஆள்ட்ட பேசுறேன்."

எல்லாம் சரியாகிவிட்டது போல் அறை மூச்சு விட்டது. பெய்ஷேகான் குமுஷின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "பாவி மக. சொல்லியிருந்தா நாங்க ரொட்டியத் தின்னுட்டு இருந்திருப்போமே." ரக்கியா தாம்பாளத்தை எடுத்தாள். "திருப்பி அவிக்கிறேன், இனிமே எதுக்குப் பயம்," என்று கரி வாளியை அடுப்பில் கவிழ்த்தாள். மெடெர் ஊர்க் காவலரைக் கூப்பிட வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் கொப்பரை தளபுள என்று கொதித்து, ஆவி கூரை ஓட்டைக்குள் தடையில்லாமல் ஏறியது. குமுஷ் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு நாள்.

திரும்பிப் பார்த்தபோது மெத்தை அடுக்கில் கெரிம்பாய் இல்லை.

சுவரைப் பிடித்து, கதவு நிலையைப் பிடித்து, வாசலைத் தாண்டியிருந்தான். வெறுங்கால். மழையில் வீட்டுச் சுவரோடு தோளை உரசிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துப் பக்கவாட்டுக்குப் போனான். குமுஷ் ஓடிவந்து பிடிப்பதற்குள் ஏணியின் முதல் படியில் கை வைத்துவிட்டான்.

"என்ன செய்றீங்க?"

"ஏற முடியாத ஆளுன்னியே."

"உங்களுக்காகத்தான்யா சொன்னேன்!"

"தெரியும். நகரு."

"விழுந்தா செத்துருவீங்க."

"விழுந்தா என்னுதுன்னு ஆயிரும்ல. நகருடி."

அவள் அவன் இடுப்பைப் பிடித்தாள். முதுகில் கை பட்டதும் அவன் ஒரு சத்தம் போட்டான். அந்தச் சத்தத்துக்கு அவள் கை தானாக விட்டது. கைகளால் தூக்கி, நல்ல காலை வைத்து, மற்றதை இழுத்தான். ஒரு படி. பக்கத்து முற்றத்தில் கைத்தடி ஊன்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒப்பாரி வரிசை அறுந்தது. மாமிர் வேலிக்கு வந்தார். ஊர்க் காவலரும் மெடெரும் சேற்றில் வந்து நின்றார்கள். இரண்டாவது படி. மூன்றாவது.

"எறங்குங்கண்ணே," என்றான் மெடெர். "இப்படிச் செஞ்சா நான் ஒண்ணும் செய்ய முடியாமப் போயிரும்."

கெரிம்பாய்க்குப் பேச மூச்சு இல்லை. நான்காவது படியில் நெற்றியை ஏணியில் முட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான். அவன் சட்டை முதுகில் ஒட்டி, முள்ளந்தண்டு கோணியிருப்பது ஊருக்கே தெரிந்தது. நிற்கிறான், இறங்கிவிடுவான் என்று குமுஷ் நினைத்தாள். ஏணியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். அவன் கால் அவள் முகத்துக்கு நேராக நடுங்கியது. ஐந்து. ஆறு.

அசானகுன் வெறுந்தலையோடு மழையில் வந்து நின்றார். "விடுங்க அவன," என்றார் யாரிடமோ. "ஏறட்டும்."

எட்டாவது படியில் வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. ஒன்பதாவதில் கதவைத் தலையால் முட்டித் திறந்தான். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி புகைந்து வெளியே வந்தது. வாசனை முற்றம் முழுக்க விழுந்தது. யாரும் மூக்கைத் திருப்பவில்லை. வயிற்றால் ஊர்ந்து அவன் உள்ளே போனான். கால்கள் வெளியே கொஞ்ச நேரம் கிடந்தன. பிறகு அவையும் போயின.

உள்ளே பலகை முனகியது. பிறகு தலை மட்டும் வெளியே தெரிந்தது. முகம் மாவாக வெளுத்திருந்தது. தலைமுடியில் இலைத்தூள்.

"மாப்ள," என்றான். "எழுதிக்க. கெரிம்பாய் ஏறினான்."

"அண்ணே, எறங்கி வாங்க. பேசிக்கலாம்."

"எறங்க முடியாது. ஏறத்தான் முடியும்னு எழுது. எத்தன பேரு பாத்தாங்கன்னும் எழுது."

குமுஷ் முதல் படியில் கால் வைத்தாள். "அசையாதீங்க. நான் வரேன்."

"வராத. நீ வந்தா உன் பேரையும் எழுதுவான்."

"வரேன்யா."

அவள் மூன்றாவது படிக்கு வருவதற்குள் அவன் தலை உள்ளே போனது, கை கதவைத் தள்ளிச் சாத்தியது. அந்தக் கதவுக்கு வெளியே பிடி கிடையாது. தான் வேலை செய்யும்போது யாரும் திடீரென்று வந்து நிற்கக் கூடாது என்று உள்பக்கம் தாழ்ப்பாள் அடித்தவள் அவள்தான். ஏணியில் நின்றபடி அவள் அதைக் கேட்டாள். இரும்பு மெதுவாக, ஒருதரம் சிக்கி, மறுபடி நகர்ந்து, கடைசி வரைக்கும் போய் விழுந்தது.